பேஸ்பால் வீடியோ கேமில் நிஜ ஆட்டம் வேண்டுமா? ஸ்லைடர்களைச் சரிசெய்யும் முறை

சோனியின் சான் டியேகோ ஸ்டுடியோ 2006 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டு வரும் அமெரிக்கப் பேஸ்பால் விளையாட்டு 'எம்எல்பி தி ஷோ'. நெடுங்காலம் பிளேஸ்டேஷன் வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே கிடைத்து வந்த இது, 2021இல் எக்ஸ்பாக்ஸுக்கும் 2022இல் நிண்டெண்டோ ஸ்விட்சுக்கும் வந்தது. புதிதாக வாங்கி ஒரு வாரம் ஆடியவர் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "படம் நிஜம் மாதிரி இருக்கு, ஆட்டம் அப்படி இல்லையே." 14-11 என்று முடியும் ஆட்டங்கள், ஒரே வாரத்தில் எட்டு ஹோம் ரன் அடிக்கும் சாதாரண ஆட்டக்காரர், யாருக்குமே கிடைக்காத வாக். இதையெல்லாம் ஆடுபவரே திருத்திக்கொள்ளத்தான் அமைப்புத் திரையில் ஸ்லைடர்கள் இருக்கின்றன.

பேஸ்பாலில் 'ஸ்லைடர்' என்ற பெயரில் ஒரு பந்துவீச்சும் உண்டு. வேகமாக வந்து கடைசி நேரத்தில் பக்கவாட்டில் வழுக்கும் பந்து அது. நாம் பேசப்போவது அதைப் பற்றி அல்ல. இடமும் வலமும் நகர்த்தும் அளவுக்கோலைப் பற்றி. 0 முதல் 10 வரை போகும். பெட்டியிலிருந்து எடுத்தபடியே வைத்தால் 5இல் நிற்கும். ஆடுபவருக்குத் தனி வரிசை, கணினி அணிக்குத் தனி வரிசை, இரண்டுக்கும் பொதுவானவை சில.

பள்ளியில் சாப்ட்பால் ஆடியவர்களுக்கு விதிமுறை புதிதாக இருக்காது. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் மட்டையாளர் வெளியே, அதுவே ஸ்ட்ரைக்அவுட். எல்லைக்கு வெளியே நான்கு பந்து வீசிவிட்டால் அவர் ஓடாமலேயே முதல் தளத்திற்கு நடந்து போவார், அது வாக். மேஜர் லீக் எனப்படும் அமெரிக்க முதல்நிலைப் போட்டியில் 30 அணிகள், ஓர் அணிக்குப் பருவம் ஒன்றில் 162 ஆட்டங்கள். அங்கே இரவு ஏழு மணிக்கு நடக்கும் ஆட்டம் நமக்குக் காலைத் தேநீர் நேரத்தில் நேரலையில் வரும். இரண்டு ஆட்டங்களை முழுதாகப் பார்த்துவிட்டு இந்த வேலையில் இறங்குவது நல்லது. எது நிஜம் என்று கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

எந்த ஆண்டின் நிஜம்?

ஸ்லைடரை நகர்த்துவதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். 1968இல் மேஜர் லீக் முழுவதற்குமான மட்டைச் சராசரி 0.237, ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுத்தது 3.42 ஓட்டங்கள். பந்துவீச்சாளர்களின் கை அவ்வளவு ஓங்கியிருந்ததால், 1969இல் அவர்கள் நின்று வீசும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள், ஸ்ட்ரைக் எல்லையையும் சுருக்கினார்கள். 2019இல் நிலைமை தலைகீழ். அந்தப் பருவத்தில் மட்டும் 6,776 ஹோம் ரன்கள். இரண்டும் நிஜப் பேஸ்பால்தான். ஆகவே "நிஜம் மாதிரி" என்றால் எந்தப் பருவம் மாதிரி என்று முதலில் முடிவுசெய்து கொள்ள வேண்டும்.

நாம் இங்கே 2023ஐ அளவாக எடுத்துக்கொள்வோம். அந்தப் பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 4.62 ஓட்டங்கள் எடுத்தது. மட்டைச் சராசரி 0.248. ஸ்ட்ரைக்அவுட் சுமார் 8.6, வாக் சுமார் 3.25, ஹோம் ரன் 1.2. ஓர் அணியின் பந்துவீச்சாளர்கள் எல்லாரும் சேர்ந்து வீசியது 145 முதல் 150 பந்துகள். இந்த எண்களை ஒரு தாளில் எழுதித் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தால் போதும். மீதி வேலையெல்லாம் இவற்றை நோக்கி ஆட்டத்தைக் கொண்டுபோவதுதான்.

2023ஐ எடுத்ததற்குக் காரணம் உண்டு. அவ்வாண்டுதான் விதிகள் பெரிதாக மாறின. பந்துவீச்சாளருக்கு நேரக் கெடு வந்தது. முதல் மூன்று தளங்களின் பலகை 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக அகன்றது. ஓடக் காத்திருப்பவரை மிரட்டப் பந்துவீச்சாளர் தளத்திற்குத் திரும்பத் திரும்பப் பந்தெறிவதற்கும் வரம்பு வந்தது. விளைவு, 2022இல் 2,486ஆக இருந்த தளத் திருட்டு 2023இல் 3,503ஆக ஏறியது. பழைய பதிப்புக்காக யாரோ எழுதிவைத்த ஸ்லைடர் பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டால், ஓட்டக்காரர்கள் கட்டிப்போட்டது போல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்லைடரைத் தொடுவதற்கு முன்

மேஜர் லீக் பந்துவீச்சாளர் நிற்கும் இடத்திலிருந்து மட்டையாளர் நிற்கும் இடம் 18.44 மீட்டர். மணிக்கு 153 கிலோமீட்டர் வேகத்தில் விட்ட பந்து சுமார் 0.4 வினாடியில் வந்து சேரும். இதில் நம் வீட்டுத் தொலைக்காட்சி தன் பங்குக்குக் கொஞ்சம் தாமதத்தைச் சேர்த்துவிடுகிறது. படத்தை அழகுபடுத்தும் வேலையெல்லாம் செய்து முடித்துத்தான் திரையில் காட்டுகிறது. பழைய பெட்டிகளில் 0.1 வினாடி தாமதம் அரிதல்ல. அதாவது பந்து பயணம் செய்யும் நேரத்தில் கால் பங்கு போய்விட்டது. இந்த நிலையில் "பந்து ரொம்ப வேகம்" என்று பந்து வேக ஸ்லைடரைக் குறைப்பவர்கள் நிறைய. வேகம் குறைந்ததும் எல்லாப் பந்தும் மட்டையில் படும், ஓட்டம் குவியும், பிறகு அதைச் சமாளிக்க வேறொரு ஸ்லைடரைக் குறைக்க வேண்டிவரும். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்ற கதைதான். முதலில் தொலைக்காட்சியின் அமைப்பில் 'கேம் மோட்' என்று ஒன்று இருக்கிறதா என்று பார்த்து, அதைப் போட்டு ஒரு நாள் ஆடிப் பாருங்கள். பலருக்கு அதற்குப் பிறகு வேக ஸ்லைடரைத் தொடவே தேவைப்படாது.

அடுத்தது கடின நிலை. ரூக்கி, வெட்டரன், ஆல்-ஸ்டார், ஹால் ஆஃப் ஃபேம், லெஜண்ட் என்று மேலே போகும். மட்டைக்கு ஒன்று, பந்துவீச்சுக்கு ஒன்று எனத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஸ்லைடர்கள் எல்லாம் இந்த நிலையின் மேல் ஏறி உட்காருபவை; அடித்தளம் தப்பாக இருந்தால் மேலே என்ன பூசினாலும் நிற்காது. பாதி ஆட்டங்களில் தோற்கும் அளவுக்குக் கடினமான நிலையை எடுத்துக்கொள்வது நல்ல தொடக்கம். ஆடுபவரின் திறமைக்கேற்பத் தானாக ஏறி இறங்கும் 'டைனமிக்' நிலையும் உண்டு. கற்றுக்கொள்ள அது அருமையானது. ஆனால் அளந்து திருத்தும்போது அதை அணைத்துவிட வேண்டும். தரை ஆடிக்கொண்டிருக்கும்போது சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க முடியாது.

ஆட்டப் பாணியில் 'சிமுலேஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்றவை வேடிக்கைக்கும் போட்டிக்குமாக அமைத்தவை.

பத்து ஆட்டக் கணக்கு

எந்த ஸ்லைடரையும் மாற்றாமல் பத்து ஆட்டம், ஒன்பது இன்னிங்ஸ் முழுதாக, ஆட வேண்டும். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் வரும் புள்ளிவிவரத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்: மட்டை பிடித்த தடவை, அடி, ஹோம் ரன், ஸ்ட்ரைக்அவுட், வாக், வீசிய பந்து. உங்கள் அணிக்கு ஒரு பக்கம், கணினி அணிக்கு ஒரு பக்கம். ஒரே அணியோடும் ஒரே அரங்கிலும் பத்தையும் ஆடக்கூடாது. கொலராடோ அணியின் அரங்கு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில், டென்வரில் இருக்கிறது; மெல்லிய காற்றில் பந்து தூரம் போகும். அங்கே ஆடிவிட்டு "ஹோம் ரன் அதிகம்" என்று முடிவுகட்டுவது சரியல்ல.

பத்து ஆட்டம் எதற்கு, மூன்று போதாதா என்று கேட்கலாம். உண்மையில் பத்தே குறைவுதான். பத்து ஆட்டத்தில் ஓர் அணி அடிக்க வேண்டிய ஹோம் ரன் 12 என்றால், எந்தத் தவறும் இல்லாத ஆட்டத்திலும் அதிர்ஷ்டத்தால் மட்டும் 8ம் வரலாம், 16ம் வரலாம். மட்டைச் சராசரியும் அப்படித்தான், 0.225 வந்தாலும் 0.270 வந்தாலும் பதறத் தேவையில்லை. அதைத் தாண்டிப் போனால்தான் கை வைக்க வேண்டும். ஒரே ஆட்டத்தில் ஆறு ஹோம் ரன் வாங்கிய கோபத்தில் கணினியின் பவர் ஸ்லைடரைக் குறைப்பவர், அடுத்த வாரம் அதையே ஏற்றிக்கொண்டிருப்பார்.

கணக்கை எப்படிப் படிப்பது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பத்து ஆட்டத்தில் கணினி அணி 340 தடவை மட்டை பிடித்து 102 அடி அடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 0.300. அதிகம்தான். பெரும்பாலோர் உடனே 'சாலிட் ஹிட்ஸ்' ஸ்லைடரைக் குறைப்பார்கள். மட்டையில் பட்ட பந்து எவ்வளவு பலமாகப் பறக்கும் என்பதை ஆளும் ஸ்லைடர் அது. ஆனால் கூடவே மற்ற இரண்டு எண்களையும் பாருங்கள்: ஹோம் ரன் 12, ஸ்ட்ரைக்அவுட் 50. ஹோம் ரன் சரி. ஸ்ட்ரைக்அவுட் 86 இருக்க வேண்டிய இடத்தில் 50தான் இருக்கிறது.

340இலிருந்து ஸ்ட்ரைக்அவுட் 50ஐயும் ஹோம் ரன் 12ஐயும் கழித்தால் மைதானத்துக்குள் விழுந்த பந்துகள் 278. அவற்றில் அடியானவை 90. விகிதம் 0.324. நிஜ லீக்கில் இந்த விகிதம் 0.300ஐ ஒட்டியே இருக்கும். சற்று அதிகம், அவ்வளவே. இப்போது ஸ்ட்ரைக்அவுட்டை மட்டும் 86ஆகத் திருத்திப் பாருங்கள். மைதானத்துக்குள் விழுபவை 242ஆகக் குறையும். அதே விகிதத்தில் 78 அடி, ஹோம் ரன்னோடு 90. சராசரி 0.265க்கு இறங்கிவிட்டது. கூடுதலாக வந்த 18 அடிகளில் 12க்குக் காரணம் ஸ்ட்ரைக்அவுட் குறைவு. பந்து பறக்கும் பலம் அல்ல. ஆக, குறைக்க வேண்டியது மட்டையில் பந்து படுவதை ஆளும் கணினியின் 'காண்டாக்ட்' ஸ்லைடரை; 5இலிருந்து 4க்கு. சாலிட் ஹிட்ஸை அப்படியே விட்டுவிட்டு இன்னும் பத்து ஆட்டம்.

ஒரு நேரத்தில் ஒரு ஸ்லைடர், ஒரு படி. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

வாக் ஏன் வருவதில்லை?

நிஜத்தோடு மிக அதிகமாக முரண்படுவது வாக். பத்து ஆட்டத்தில் ஓர் அணிக்கு 32 வர வேண்டியது, புதிதாக ஆடுபவரின் நோட்டில் ஏழோ எட்டோ இருக்கும். இவ்வளவு பெரிய வித்தியாசத்திற்கு அதிர்ஷ்டத்தைக் காரணம் சொல்ல முடியாது. கேமின் குறை என்று சொல்வார்கள். பாதி உண்மை. மீதி, கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்திருக்கும் கையில் இருக்கிறது.

மட்டை பிடிக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். நிஜ மட்டையாளர்கள் தங்களுக்கு வரும் பந்துகளில் பாதிக்கும் சற்றுக் குறைவானவற்றுக்கே மட்டையைச் சுழற்றுகிறார்கள். எல்லைக்கு வெளியே போகும் பந்துகளில் பத்துக்கு ஏழை விட்டுவிடுகிறார்கள். நாமோ நாள் முழுக்க வேலை முடித்து வந்து உட்கார்ந்த கையோடு, வரும் பந்தையெல்லாம் அடிக்கப் பார்க்கிறோம். வெளியே போகும் பந்துக்கெல்லாம் சுழற்றும் ஆளுக்குக் கணினி ஏன் வாக் தரப்போகிறது? இதற்கு ஸ்லைடரில் முழு மருந்து இல்லை. முதல் பந்தை விட்டுப் பார்க்கும் பழக்கம் ஒரு வாரத்தில் வந்துவிடும். அதற்குப் பிறகும் குறைவாக இருந்தால், கணினிப் பந்துவீச்சாளர் எவ்வளவு அடிக்கடி எல்லைக்குள் வீச வேண்டும் என்பதை ஆளும் 'ஸ்ட்ரைக் ஃப்ரீக்வன்சி'யை 4க்கோ 3க்கோ இறக்கலாம். அதை 0 வரை கொண்டுபோகிறவர்களும் உண்டு. வாக் எண்ணிக்கை வந்துவிடும்; ஆனால் உலகத்தரப் பந்துவீச்சாளர் வழிதவறியவர் போல் வீசுவதைப் பார்க்க வேண்டிவரும். என் கணிப்பில் 32க்குப் பதில் 25 வாக் கிடைத்தாலே நிறுத்திக்கொள்வது மேல்.

நாம் பந்து வீசும்போது சிக்கல் வேறு. நிஜத்தில் வீசும் பந்துகளில், அடிபட்டவற்றையும் சேர்த்து, 64 விழுக்காடுதான் ஸ்ட்ரைக். 2021 பதிப்பில் வந்த 'பின்பாயிண்ட்' முறையில் விரல் பழகியவர் நினைத்த இடத்தில் பந்தைப் போடுவார். கணினி அணிக்கு வாக் என்பதே இருக்காது. இங்கே ஸ்லைடர் உண்மையாகவே உதவும். ஆடுபவர் பக்கத்தில் 'பிட்சர் கன்ட்ரோல்' ஸ்லைடரை ஒவ்வொரு படியாக இறக்குங்கள். 3க்கு வந்ததும், மூலையைக் குறிவைத்த பந்து சில நேரம் நடுவில் வந்து விழும், சில நேரம் வெளியே போகும். அப்போதுதான் மூன்று தளத்திலும் ஆள் நிற்கும்போது வீசுவது என்றால் என்ன என்று வயிற்றில் தெரியும். 'கிளாசிக்' முறையில் பொத்தானை மட்டும் அழுத்தி வீசினால், குறி தப்புவது ஆடுபவரின் விரலை விட அந்தப் பந்துவீச்சாளரின் திறன் எண்ணையே அதிகம் சார்ந்திருக்கும். அப்படி ஆடுவோருக்கு இந்த ஸ்லைடரை இவ்வளவு இறக்கத் தேவைப்படாது.

வாக் சரியானால் வேறு சிலவும் தாமாகவே சரியாகும். பந்து எண்ணிக்கை 110இலிருந்து 145ஐ நோக்கி ஏறும். கணினியின் தொடக்கப் பந்துவீச்சாளர் எட்டு இன்னிங்ஸ் நிற்கிறார் என்ற புகார் மறையும். நிஜத்தில் அவர்கள் சராசரியாக ஐந்து இன்னிங்ஸுக்குச் சற்று மேல், 85 பந்து அளவில் இறங்கிவிடுகிறார்கள். பந்து எண்ணிக்கை ஏறிய பிறகும் அவர் நின்றுகொண்டிருந்தால்தான், தெம்பை ஆளும் 'ஸ்டாமினா'வையும், மேலாளர் ஆளை எவ்வளவு சீக்கிரம் மாற்றுவார் என்பதை ஆளும் 'மேனேஜர் ஹூக்'கையும் தொட வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே ஸ்டாமினாவைக் குறைத்தவர், வாக் சரியான பிறகு மூன்றாவது இன்னிங்ஸிலேயே களைத்துப்போகும் பந்துவீச்சாளரோடு மல்லுக்கட்டுவார்.

மற்றவை

களத்தில் நடக்கும் தவறுகள் நிஜத்தில் ஓர் அணிக்கு இரண்டு ஆட்டத்திற்கு ஒன்று அளவில்தான். பத்து ஆட்டத்தில் ஐந்தாறு வந்தால் தொடாதீர்கள். பந்தைப் பிடிப்பதில் தவறு, எறிவதில் தவறு என்று தனித்தனி ஸ்லைடர்கள் இருப்பதால், எது குறைகிறதோ அதை மட்டும் ஏற்றலாம்.

ஓட்டக்காரர் வேகம், களத்தில் நிற்பவரின் வேகம், அவர் எறியும் பலம் மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. முதல் தளத்தில் அரை அடியில் அவுட்டாகும் ஆட்டங்கள் பேஸ்பாலின் உயிர். தரையில் உருளும் பந்துக்கெல்லாம் ஓட்டக்காரர் மூன்று அடி பின்னால் வந்தால், எறியும் பலத்தை ஒரு படி இறக்கினாலே போதும். தளத் திருட்டுக்கு, 2023இல் ஓர் அணி நான்கு ஆட்டத்தில் மூன்று தடவை வென்றது, முயன்றதில் 80 விழுக்காடு வெற்றி என்ற இரண்டு எண்கள் போதும். எண்ணிக்கை குறைந்தால் முயற்சிக்கான ஸ்லைடர். முயன்றும் பிடிபட்டால் திறனுக்கானது.

காற்று, காயம், வீரர் பரிமாற்றம் ஆகியவற்றை முதல் பருவம் முடியும் வரை 5இலேயே விடலாம்.

தோற்கும்போது

மேற்சொன்ன எல்லாவற்றையும் செய்து முடித்தவர் தோற்கத் தொடங்குவார். இங்கேதான் பலருடைய நிஜ ஆசை முடிந்துபோகிறது. 2024இல் வாகையர் பட்டம் வென்ற லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ், பருவத்தில் வென்றது 98, தோற்றது 64. அவ்வளவு பணமும் ஆளும் இருந்த அணி, வாரத்திற்கு இரண்டு மூன்று தடவை தோற்றது. அதே ஆண்டு சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டங்களில் தோற்றது. உங்கள் நோட்டில் 162க்கு 140 வெற்றி இருந்தால், சராசரிகள் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் அங்கே ஏதோ ஒரு ஸ்லைடர் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது.

தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்ற இரவில், 'ஒரே ஒரு படி' என்று கை போகும். அதனால் ஸ்லைடர் மாற்றுவதற்கென்று பருவத்தில் நாள் குறித்துக்கொள்வது நல்ல வழக்கம்: 20வது ஆட்டம், 40வது ஆட்டம், நடுவில் ஆல்-ஸ்டார் விடுமுறை. இடையில் திறக்கவே கூடாது. அண்ணன் தம்பி இருவர் ஒரே பெட்டியில் ஆளுக்கொரு பருவம் ஆடினால், ஒருவர் மாற்றியதை மற்றவர் நோட்டில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். வேடிக்கையாகத் தோன்றலாம்; சண்டை குறையும்.

சரியாக வந்த அமைப்பைப் பெயரிட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் மற்றவரோடு மோதும் ஆட்டங்களுக்கு இந்த அமைப்பு செல்லாது. அங்கே எல்லாருக்கும் ஒரே அளவு. நிறுவனம் புதுப்பிப்பு வெளியிட்டுப் பந்தோ மட்டையோ மாறியதாக அறிவித்தால், பழைய எண்களை வைத்துக்கொண்டே இன்னொரு பத்து ஆட்டம் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்லைடர், ஒரே ஒரு படிதான் நகர வேண்டியிருக்கும்.